தீமா, பக்கமா? கடைசிச் சொல் யாருக்கு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நான்கு பேர். கேட்டரிங் நடத்துபவர்களுக்கும் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்களுக்கும் முன்பதிவு, முன்பணம், பாக்கி எல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு வலைச்செயலி செய்து கொடுத்திருக்கிறோம். செயலி ஒன்றுதான், ஆனால் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் நிறம் வேறு. அதோடு விட்டால் பரவாயில்லை. இந்த ஊரில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பெருநாள். தைப்பூசத்துக்கு மஞ்சள், சீனப் பெருநாளுக்குச் சிவப்பு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை, தீபாவளிக்கு மெரூனும் தங்கமும். வாசலில் தோரணம் மாற்றுகிற கையோடு திரையையும் மாற்றித் தரச் சொல்கிறார்கள்.

இந்த வருஷம் செயலியைத் திருத்தி எழுத உட்கார்ந்தபோது முதல் சண்டையே இதில்தான் வந்தது: தீம் என்கிற இந்த நிற அலங்காரத்தை எந்த வழியில் செய்வது? பழைய வழியிலேயே போகலாம் என்றார் ஒருவர். தீமுக்கு ஒரு ஸ்டைல்ஷீட் (பக்கத்தின் நிறத்தையும் வடிவத்தையும் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு) என்றார் இன்னொருவர். சிஎஸ்எஸ்ஸாகத் தொகுத்துத் தரும் ஸாஸ் என்ற மொழியை வைத்து ஆளுக்கொரு கோப்பு தயாரித்துக் கொடுத்துவிடலாம் என்பது மூன்றாவது கட்சி. நான் சிஎஸ்எஸ் மாறிகள் பக்கம், அதாவது நிறத்துக்கு ஒரு பெயர் வைத்து அந்தப் பெயரையே எங்கும் எழுதுவது. எது புதுசு, எது வேகம் என்று பார்த்து முடிவு செய்ய முடியவில்லை. வேறொரு கேள்வியை வைத்துப் பார்த்த பிறகுதான் தெளிந்தது. இரண்டு இடத்தில் இரண்டு நிறம் எழுதியிருந்தால், கடைசிச் சொல் யாருடையது?

அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தீபாவளி.

செயலி பிறந்தது மைக்ரோசாஃப்ட்டின் வலைக் கட்டமைப்பான ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸில். 2005இல் ஏஎஸ்பி.நெட் 2.0 வந்தபோதே தீம் வசதியும் கூடவே வந்துவிட்டது. ஆப் தீம்ஸ் என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு தீமுக்கும் ஓர் உட்கோப்புறை. அதற்குள் ஸ்கின் கோப்புகளும் சிஎஸ்எஸ் கோப்புகளும் இருக்கும். ஸ்கின் என்றால் கன்ட்ரோல்களுக்கான (லேபிள், பொத்தான் போன்ற திரை உறுப்புகளுக்கான) பொதுவிதி: எல்லா லேபிளுக்கும் இந்த எழுத்து நிறம், எல்லா கிரிட்வியூ அட்டவணைக்கும் இந்தத் தலைப்புப் பட்டை என்று ஒரே இடத்தில் சொல்லிவிடலாம். சிஎஸ்எஸ் கோப்பை நாமாக இணைக்கவும் வேண்டாம். பக்கத்தின் ஹெட் பகுதி சர்வரில் ஓடுவதாகக் குறித்திருந்தால், கோப்புறையில் கிடப்பதையெல்லாம் அதுவே இணைத்துவிடும்.

நானும் அப்படித்தான் தீபாவளி ஸ்கின் எழுதினேன். பின்னணி மெரூன், லேபிள் எழுத்து தங்கம். தலைப்புப் பகுதி பளபளவென்று வந்தது. வாடிக்கையாளருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இரண்டு நாள் கழித்து அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, பாக்கி யாருக்குமே இல்லையா? எல்லாரும் கட்டிட்டாங்களா?"

யாரும் கட்டவில்லை. பாக்கித் தொகையும் ஒரு லேபிள்தான். பக்கத்தில் சிவப்பு என்று எழுதித்தான் வைத்திருந்தேன். ஸ்கின் அதன் மேல் ஏறித் தங்கமாக்கிவிட்டது. அந்த லேபிள் இருந்ததோ வெள்ளைக் கட்டத்தில். மெரூன் மேல் தங்கத்துக்கு ஒளி வேறுபாடு ஏறக்குறைய 7.8:1. அதே தங்கம் வெள்ளை மேல் வெறும் 1.4:1. சாதாரண அளவு எழுத்துக்கு இணைய அணுகல் வழிகாட்டி கேட்பது குறைந்தது 4.5:1. அக்காவின் கண்ணில் குறையே இல்லை.

குழப்பம் அதோடு தீரவில்லை. இன்னொரு பக்கத்தில் பாக்கி ஒழுங்காகச் சிவப்பாகவே தெரிந்தது. அரை நாள் தேடினேன். அங்கே சிவப்பை மார்க்கப்பில் (பக்கக் குறியீட்டில்) எழுதாமல், பக்கம் ஏறும்போது நடக்கும் பேஜ் லோடு நிகழ்வில் கோடு (நிரல்) வழியாகப் போட்டிருந்தேன். தீம் போர்த்தப்படுவது அதற்கு முந்தைய கட்டத்தில். அதனால் மார்க்கப்பில் எழுதியது தோற்றது, கோடில் எழுதியது ஜெயித்தது. ஒரே செயலி, ஒரே லேபிள், இரண்டு தீர்ப்பு.

இதற்கு வழி அப்போதே அந்தக் கட்டமைப்பில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ஒரே தீம் கோப்புறையைப் பக்கத்துக்கு இரண்டு விதமாகச் சூட்டலாம். தீம் என்ற பண்பில் கொடுத்தால், பக்கத்தில் நீங்கள் எழுதியதை அது மீறும். ஸ்டைல்ஷீட்தீம் என்ற பண்பில் கொடுத்தால் அது முதலில் போர்த்தப்படும், பக்கத்தில் எழுதியது அதன் மேல் நிற்கும். சிஎஸ்எஸ் இணைப்புகளிலும் அதே மரியாதைதான்: தீம் என்றால் ஹெட் பகுதியின் கடைசியில் சேரும், ஸ்டைல்ஷீட்தீம் என்றால் தொடக்கத்தில். பெயரைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். குணம் நேர் எதிர்.

அப்படியானால் ஸ்டைல்ஷீட்தீமுக்கு மாறிவிட்டால் வேலை முடிந்ததா? பாதிதான். ஸ்கின்னில் எழுத்து நிறம் கொடுத்தால் அது எச்டிஎம்எல்லில் உறுப்பின் மேலேயே ஒட்டிய ஸ்டைலாக வெளியே வருகிறது. ஸ்டைல்ஷீட்டில் என்ன எழுதினாலும் அதை அசைக்க முடியாது, இம்பார்ட்டன்ட் என்ற மீறல் சொல்லைப் போட்டால் ஒழிய. ஒன்று போட்டால் அடுத்ததை அடக்க இன்னொன்று. எங்கள் பழைய கோப்பு ஒன்றில் அந்தச் சொல் மாரியம்மன் கோயில் வேப்பிலை மாதிரி எங்கு பார்த்தாலும் தொங்கியது.

சின்னச் சின்ன எரிச்சல்களும் உண்டு. தீம் எது என்பதைப் பக்கம் உருவாகத் தொடங்கும்போதே நடக்கும் ப்ரீஇனிட் நிகழ்வில்தான் மாற்ற முடியும். பக்கங்களுக்குப் பொதுச் சட்டகமான மாஸ்டர் பேஜுக்கு அந்த நிகழ்வே கிடையாது, அதனால் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக ஓர் அடிப்படை வகுப்பு எழுத வேண்டும். அந்த நேரத்தில் பயனர் கீழிறங்கு பட்டியலில் எதைத் தேர்ந்தார் என்பதும் இன்னும் கைக்கு வந்திருக்காது. குக்கியிலோ செஷனிலோ எடுக்க வேண்டும். கோப்புறையில் போட்ட சிஎஸ்எஸ் எல்லாமே எல்லாப் பக்கத்திலும் இறங்கும், இது வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. இணைப்பில் பதிப்பு எண்ணும் இருக்காது. நிறம் மாற்றிவிட்டேன் என்று நாம் சொல்ல, எனக்கு மாறவில்லையே என்று வாடிக்கையாளர் சொல்ல, கடைசியில் கண்ட்ரோலையும் எஃப்5-ஐயும் சேர்த்து அழுத்தச் சொல்லிப் போனில் பாடம் நடக்கும்.

முக்கியமான இன்னொன்று: வெப் ஃபார்ம்ஸ், அடுத்த தலைமுறையான ஏஎஸ்பி.நெட் கோருக்கு வரவே இல்லை. ஸ்கின்னில் எவ்வளவு எழுதுகிறோமோ, வீடு மாறும்போது அவ்வளவையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

சரி, அடுத்த கட்சி. தீமுக்கு ஒரு ஸ்டைல்ஷீட், வேண்டியதை மட்டும் இணைப்பது. இதை ஏளனமாகப் பார்க்க மாட்டேன். 2003இல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஸென் கார்டனைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: எச்டிஎம்எல் ஒன்றே, ஸ்டைல்ஷீட் மட்டும் மாறும், பக்கமே வேறு ஆளாகி நிற்கும். உங்கள் தீம்கள் உருவத்திலேயே வேறுபட்டால், ஒன்றில் மெனு இடப்பக்கம், இன்னொன்றில் மேலே என்றால், இதுதான் நேர்மையான வழி. எங்களுக்கு அப்படி இல்லை. வேறுபடுவது நிறமும் லோகோவும்தான். கட்டத்தின் அகலத்தை ஒரு கோப்பில் திருத்திவிட்டு மற்ற மூன்றில் மறந்துபோவது வாடிக்கையாகிவிடும். வடிவத்துக்கு ஒரு கோப்பு, நிறத்துக்கு ஒரு கோப்பு என்று பிரிக்கலாம். ஆனால் நிறக் கோப்பிலும் அதே தேர்விகள் (விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் பெயர்கள்) மறுபடி மறுபடி வரும். அப்புறம், பயனர் பொத்தானை அழுத்தியதும் இணைப்பை மாற்றினால், புதுக் கோப்பு வந்து சேரும்வரை பக்கம் ஒரு நொடி துணி இல்லாமல் நிற்கும்.

இந்த வழியில் கடைசிச் சொல் யாருக்கு? எந்தக் கோப்பு கடைசியில் இணைகிறதோ அதற்கு, தேர்விகளின் கனம் (மோதலில் அவற்றுக்கு உள்ள முன்னுரிமை) சமமாக இருக்கும்வரை. அந்தச் சமம் எத்தனை நாள் நீடிக்கும் என்று கேட்டால், புதிதாக ஒருவர் வேலைக்குச் சேரும்வரை என்பேன்.

ஸாஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் மாறிகள் தொகுக்கும் நேரத்திலேயே கரைந்து நிறமாகிவிடும். உலாவிக்குப் போவது சாதா சிஎஸ்எஸ். பழைய உலாவிகள் இருந்த காலத்தில் இது வரம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் கல்லாவில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 ரொம்ப நாள் உட்கார்ந்திருந்தது, அதற்கு சிஎஸ்எஸ் மாறிகள் கடைசிவரை புரியவே இல்லை. மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் அதற்கு விடைகொடுத்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. மிஞ்சுவது கணக்கு: மூன்று வாடிக்கையாளர், ஆளுக்கு வெளிச்ச முகம் ஒன்று, இருட்டு முகம் ஒன்று, ஆறு கோப்பு. நான்கு பெருநாளைச் சேர்த்தால் எத்தனை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளர் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "இந்த மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றால் மறுபடி தொகுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். இங்கே கடைசிச் சொல் நம் கையில்தான் இருக்கிறது. தூக்கமும் அதனால்தான் போகிறது.

இனி மாறிகள்.

சிஎஸ்எஸ் தனிப்பயன் பண்புகள் என்று இதற்குப் பெயர். இரண்டு சிறு கோடு போட்டுத் தொடங்கும் பெயர்கள். ஃபயர்ஃபாக்ஸில் 2014இல் வந்தது, குரோமிலும் சஃபாரியிலும் 2016இல். ஸாஸ் மாறியிலிருந்து ஒரு பெரிய வித்தியாசம்: இது தொகுக்கும்போது கரைவதில்லை, உலாவியில் உயிரோடு இருக்கும், பெற்றோர் உறுப்பிலிருந்து பிள்ளைக்கு இறங்கும். அதனால் பக்கம் முழுவதையும் அடக்கும் வேர் உறுப்பில் டேட்டா-தீம் என்று ஒரு பண்பை மட்டும் சர்வர் எழுதினால் போதும். பக்கம் முழுக்க நிறம் மாறும். பக்கத்துக்குள் ஒரு பெட்டிக்கு மட்டும் வேறு தீம் வேண்டுமென்றால் அந்தப் பெட்டியில் அதே பண்பை எழுதலாம். வாடிக்கையாளர் தேர்ந்த நிறத்தைத் தரவுத்தளத்தில் வைத்து, பக்கம் எழும்போது நான்கைந்து மாறிகளாக எழுதிவிடலாம். ராத்திரி பத்து மணி மஞ்சளை அவரே குறைத்துக்கொள்வார்.

ஆனால் இந்த வழியில் தப்பிப்பது மாறிக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. முதல் முயற்சியில் தம்பி ஒருவர் "பச்சை" என்று ஒரு மாறி வைத்தார், முதல் வாடிக்கையாளரின் நிறம் அது. தீபாவளிக்குப் பச்சையின் மதிப்பு மெரூன் ஆனது. சீனப் பெருநாளுக்குப் பச்சை சிவப்பானது. நிரலைப் படிக்கிறவர் தலையைப் பிடித்துக்கொண்டார். நிறத்தைக் குறிக்கும் பெயர் ஓர் அடுக்கு, வேலையைக் குறிக்கும் பெயர் அதன் மேல் இன்னோர் அடுக்கு என்று பிரித்த பிறகே மூச்சு வந்தது. பக்கங்கள் தொடுவது மேல் அடுக்கை மட்டும்: --தலைப்பு-பின்னணி, --பொத்தான்-எழுத்து, --பாக்கி-எழுத்து, --பாக்கி-பின்னணி.

கடைசி இரண்டும் ஜோடியாக இருப்பதைக் கவனியுங்கள். என் தீபாவளிக் கூத்தின் மூலகாரணம் அதுதான்: எழுத்தின் நிறத்தைத் தீம் தீர்மானித்தது, அதன் பின்னணியைப் பக்கம் தீர்மானித்தது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இப்போது எந்தத் தீம் வந்தாலும் ஜோடியைச் சேர்த்தே தர வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் தொடக்கூடாது. சீனப் பெருநாள் தீமில் இதன் அருமை தெரிந்தது. திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும்போது சிவப்பில் எச்சரித்து யாருக்கு என்ன தெரியும்? அந்தத் தீமில் பாக்கி வெள்ளைக் கட்டத்தில் கருப்பு எழுத்தாக, பக்கத்தில் ஒரு குறியோடு வருகிறது.

பெயர்களைத் தமிழிலேயே வைத்தால் என்ன என்று ஆசைப்பட்டு ஒரு நாள் வைத்தும் பார்த்தோம். உலாவி மறுப்பேதும் சொல்லவில்லை. ஆஸ்கிக்கு (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு) வெளியே உள்ள எழுத்துகள் சிஎஸ்எஸ் பெயரில் தாராளமாக வரலாம். மாட்டிக்கொண்டது "பொத்தான்" என்ற சொல்லில். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, உலாவிக்கு இரண்டும் வேறு பெயர். இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் தட்டினால் போச்சு. ஆகவே நிஜக் கோப்பில் ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. இங்கே தமிழில் எழுதியது உங்களுக்கு விளங்க.

இதே இடத்தில் மாறிகளின் பெரிய குறையையும் சொல்லிவிட வேண்டும். பெயரில் ஒரு எழுத்து தப்பினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எழுத்து நிறமாக இருந்தால் பெற்றோரிடமிருந்து இறங்கும், பின்னணியாக இருந்தால் ஒன்றுமில்லாமல் போகும். ஸாஸ் இருந்தால் தொகுக்கும்போதே கத்தியிருக்கும். இதற்காகவே ஸாஸைச் சிலர் கைவிடாமல் வைத்திருப்பது எனக்குப் புரிகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பூட்ஸ்டிராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பே போதுமே என்பார்கள். 2023இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து இருட்டு முகம் உள்ளேயே இருக்கிறது, தீம் பண்பும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் முதன்மை நிறத்துக்கான மாறியை மட்டும் மாற்றினால் முதன்மைப் பொத்தானும் மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். பொத்தானின் நிறம் ஸாஸில் தொகுக்கப்பட்டு அதன் சொந்த மாறிக்குள் உட்கார்ந்திருக்கும். அதைத் தனியாக மாற்ற வேண்டும்.

ஒரு பக்கக் கதை. தமிழ் முகப்பு கேட்ட வாடிக்கையாளருக்காக "தமிழ்த் தீம்" என்று ஒன்று செய்ய இருந்தோம். நல்லவேளை, செய்யவில்லை. மொழி என்பது தீம் அல்ல. மஞ்சளிலும் தமிழ் வரும், மெரூனிலும் வரும். தமிழுக்கு வரி உயரம் கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் மேலே இகரச் சுழியும் கீழே உகரக் கொக்கியும் நெருக்கமான பொத்தானில் வெட்டுப்படும். எழுத்துரு வரிசையும் வேறு: விண்டோஸில் நிர்மலா, மேக்கில் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடித்த இணைமதி. இதையெல்லாம் மொழித் தேர்வியில் தனியாக வைத்துவிட்டோம். சாய்வெழுத்தும் அப்படியே. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் சாய்ந்த வடிவம் கிடையாது, உலாவி தானாகத் தள்ளிச் சாய்த்து வைக்கும். அழகாக இருக்காது. நிறுத்திவிட்டோம்.

ஆக, எங்கள் முடிவு. செயலியை ஒரேயடியாகக் கோருக்குத் தூக்க எங்களிடம் ஆளும் இல்லை, வெள்ளியும் இல்லை; .நெட் ஃபிரேம்வொர்க் 4.8இல்தான் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். அதனால் ஸ்கின் கோப்புகள் ஒரே ஒரு தொகுப்பாகச் சுருங்கின. அதில் நிறம் எதுவும் கிடையாது, சிஎஸ்எஸ் வகுப்புப் பெயர் மட்டும். அதைச் சூட்டுவது ஸ்டைல்ஷீட்தீம் வழியாக, ஏனென்றால் பக்கம் தனக்கென்று ஒரு வகுப்பு கேட்டால் அது நிற்க வேண்டும். தீம் பண்பில் சூட்டினால் பக்கத்தின் வகுப்புப் பெயரையும் அது அழித்துவிடும், இரண்டையும் சேர்த்து வைக்காது. நிறங்கள் முழுக்க மாறிகளில். தீம் பெயரைக் குக்கியிலிருந்து சர்வரே படித்து வேர் உறுப்பில் எழுதுவதால், பக்கம் திறக்கும்போது ஒரு நிறமும் அடுத்த நொடி வேறு நிறமும் மின்னுவதில்லை. ஸாஸ் ஒரே ஓர் இடத்தில் தங்கியது: மின்னஞ்சலில் போகும் ரசீது. வேர்டு இயந்திரத்தை வைத்து மடலைக் காட்டும் அவுட்லுக்குக்கு மாறிகள் தெரியாது, அங்கே கரைந்த நிறம்தான் வேண்டும்.

பயனரை இதுவரை சொல்லவில்லை. முதல் சிஎஸ்எஸ் விதிமுறை 1996இல் வந்தபோது, இரண்டு பக்கமும் இம்பார்ட்டன்ட் போட்டால் பக்கத்தை எழுதியவர்தான் ஜெயிப்பார் என்று இருந்தது. 1998இல் இரண்டாம் பதிப்பு அதைத் திருப்பி, படிப்பவருக்குக் கொடுத்துவிட்டது. இருட்டு முகம் வேண்டுமா என்று இயங்குதளத்தைக் கேட்கும் மீடியா வினவலை 2020 தொடக்கத்திலிருந்தே பெரிய உலாவிகள் எல்லாம் அறியும். எங்கள் வரிசை இப்படி: பயனர் தானே தேர்ந்திருந்தால் அது, இல்லையென்றால் அவருடைய கணினி சொல்வது, அதுவும் இல்லையென்றால் வாடிக்கையாளரின் நிறம். பெருநாள் அலங்காரம் தலைப்புப் பட்டையோடு நின்றுவிடும்.

போன வாரம் அந்த அக்காவின் கடைக்கு நேரில் போனேன். அவர் கணினியில் விண்டோஸின் ஹை கான்ட்ராஸ்ட் போட்டு வைத்திருக்கிறார், கருப்பு மேல் மஞ்சள். நாங்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டுச் செய்த ஒரு நிறமும் அந்தத் திரையில் இல்லை. பாக்கி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. காலண்டர் கன்ட்ரோல் ஒன்றுதான் இன்னும் வழிக்கு வரவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் தன் ஸ்டைலைத் தானே ஒட்டிக்கொண்டு வெளியே வருகிறது. அதைத் தூக்கிவிட்டுச் சாதாரணத் தேதிப் பெட்டி வைப்பதாக இருக்கிறோம்.